முப்பத்தேழு நாயும் ஒரு நாய் மிஸ்ஸும்

நாயைப் பிடிப்பது லேசான வேலை. அதை வளர்க்க ஓர் ஆளைப் பிடிப்பதுதான் உயிர் போகிற வேலை. வாசலில் யாரோ விட்டுவிட்டுப் போன குட்டிக்கு ஒரு சிரட்டை பால் வைத்து, அன்றோடு மாட்டிக்கொண்ட அன்பர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் விளங்கும். உங்களுக்கு ஒன்று. எனக்கு முப்பத்தேழு.

பனிச்சங்கேணிப் பக்கம், களப்பு என்கிற கடலேரிக்குள் ஒரு திட்டில் இறால் பண்ணை ஒன்று இருந்தது. அதை மூடிவிட்டுப் போனவர்கள் காவல் நாய்களை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். அவை பெருகின. பசி வந்தால் நீந்திப்போய் வலைகளைக் கடித்துக் கிழித்தன. “இந்தக் கிழமைக்குள்ள எடுக்காட்டி மருந்து வைப்பம்” என்று கரையில் பேச்சு அடிபட்டது. எங்கள் சின்ன விலங்கு நலச் சங்கம் அவசர அவசரமாகத் தன்னாமுனையில் பாழடைந்த கோழிப்பண்ணை ஒன்றை இரவல் வாங்கியது. பள்ளக் காணி. மாரி மழை இறுகினால் வெள்ளம் நிற்கும். அதற்குள் எல்லாவற்றையும் ஏதாவது ஒரு வீட்டில் சேர்த்துவிட வேண்டும். அந்தப் பொறுப்பு, அதுவரை தையல் கடையில் சட்டை வெட்டிக்கொண்டிருந்த என் தலையில் விழுந்தது. அடுத்த நாளே ஊர் எனக்கு ‘நாய் மிஸ்’ என்று பெயர் வைத்துவிட்டது.

சட்டி மூடி

மூன்று நாட்கள் திட்டில் கிடந்தோம். வலை, சுருக்குத் தடி, மயக்க மருந்து வைத்த இறைச்சி எல்லாம் இருந்தன. பிடிபட்டவை இரண்டு. அதில் ஒன்று தானாக வந்தது. தோணிக்காரர் சிவராசா அண்ணன் மூன்று நாளும் வெற்றிலை போட்டுக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் அவர் ஒரு பெரிய சட்டியில் சோறும் கருவாடும் பிசைந்து கொண்டுவந்து, மூடியில் அகப்பையால் நாலு தட்டுத் தட்டினார். கண்டல் பற்றைக்குள்ளிருந்து முப்பத்தைந்து நாயும் வரிசையாக வெளியே வந்தன. சட்டியைத் தோணியில் வைத்தார்; அவையும் ஏறின. ஏற்றி இறக்க எட்டு நடை எடுத்தது. ஒவ்வொரு நடையிலும் ஏதாவது ஒரு ஈர நாய் என் மடியில் உட்கார்ந்து வந்தது. இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா என்று அவரிடம் சண்டைக்குப் போனேன்.

“சோறு உங்கட படிப்பில இல்லையாக்கும் எண்டு நினைச்சன், மிஸ்.”

வரவேற்பு

திட்டில் பிறந்த நாய்க்குக் கதவு தெரியாது, படி தெரியாது. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விடும். இதுகளை எந்த வீட்டில் கொண்டுபோய் விடுவது?

எங்களுக்கு லொறி ஓட்டிய ஏறாவூர் ஹனீபா காக்கா ஒரு வழி சொன்னார். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் நாயைத் தொடமாட்டார். தொட்டால், மார்க்கப்படி ஏழு தரம் கழுவ வேண்டும். ஆனால் எந்த நாய் காலையில் சாப்பிடவில்லை என்பது என்னைவிட அவருக்குத்தான் முதலில் தெரியும். தன் பழைய மோட்டார் சைக்கிளில் வேலியைச் சுற்றிச் சுற்றி ஓடினார். அவர் கடக்கும்போதெல்லாம் நான் கருவாட்டுத் தலை எறிந்தேன். பத்து நாளில் நாய்கள் ஒரு முடிவுக்கு வந்தன: மோட்டார் சைக்கிள் வந்தால் சாப்பாடு வருகிறது.

பதினோராம் நாள், யாரோ கொடுத்த முறைப்பாட்டை விசாரிக்க ஓர் உத்தியோகத்தர் கடதாசிக் கோவையோடு மோட்டார் சைக்கிளில் வந்தார். முப்பத்தேழும் வாலை ஆட்டிக்கொண்டு பாய்ந்தன. அவர் இரண்டு காலையும் தூக்கி எண்ணெய்த் தாங்கியின் மேல் வைத்துக்கொண்டார். என்ன விஷயம் ஐயா என்று கேட்டேன்.

“ஒரு விஷயமுமில்ல மிஸ், சும்மா இந்தப் பக்கத்தால போனனான்.”

நிறம்

எல்லாவற்றுக்கும் ஊசி போட்டு, கருத்தடை செய்து, குளிப்பாட்டி, படமெடுத்து விளம்பரம் போட்டோம். தொலைபேசி அடங்கவில்லை. குரைக்க வேண்டும், ஆனால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்றார் ஒருவர். கள்ளனைக் கடிக்க வேண்டும், மாமியாரைக் கடிக்கக் கூடாது என்றார் இன்னொருவர். குரலில் அவ்வளவு உறுதி இல்லை. ஒரு நாள் டவுனிலிருந்து ஓர் அம்மா குடையோடு நேரே வந்தா. வரிசையாக எல்லாவற்றையும் பார்த்தா. எல்லாம் ஒரே குடும்பம், எல்லாம் ஒரே மண்ணிறம். ஒன்றின் காதைத் தூக்கி, முதுகைத் தடவி, வாலைப் பிடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினா.

“இதே டிசைன்ல வேற கலர் இல்லையா, மிஸ்?”

விரதம்

களுதாவளையிலிருந்து வந்த ஓர் ஆசிரியர் தம்பதி ‘மணி’யைக் கொண்டுபோனார்கள். பத்தாம் நாள் மனைவி மட்டும் ஓட்டோவில் வந்து இறங்கினா, மணியோடு. முகம் சிவந்திருந்தது. பிள்ளையார் கோயில் திருவிழா, ஊரே மரக்கறி. மணியோ விடிய எழும்பிக் கடற்கரைக்குப் போய், கரைவலைக்காரர் விட்ட மீனைக் கவ்விக்கொண்டு வந்து வாசல் படலையடியில் வைத்திருக்கிறது. ஒரு நாளல்ல, ஐந்து நாள். அதுவும் பாரை மீன். “சனம் என்ன நினைக்கும், மிஸ்?” என்று கண் கலங்கினா. மணி தன் பங்குக்கு என் காலில் விழுந்து படுத்துக்கொண்டது. திரும்பி வந்த நாயின் முகத்தைப் பார்ப்பது மாதிரிக் கொடுமை வேறில்லை.

அடுத்த கிழமை கணவர் தனியாக வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். மணியின் சங்கிலியை என் கையிலிருந்து வாங்கினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“திருவிழா முடிஞ்சுது, மிஸ்.”

காவல்

முதல் மழைக்குப் பிறகு படுவான்கரையிலிருந்து ஒரு வேளாண்மைக்காரர் வந்து ஆறு நாய் கேட்டார். விதைத்த வயல் வட்டைக்குள் பன்றி இறங்குகிறதாம். ஆறா! எனக்குத் தலை கால் தெரியாத சந்தோஷம். உடனே ஏற்றி அனுப்பினோம். பிறகுதான் பயம் வந்தது: இதுகள் பிறந்த நாள் முதல் பன்றியையே கண்டதில்லையே.

இரண்டு கிழமை கழித்துப் பார்க்கப் போனேன். காவல் பரணில், அவருடைய பாயில், ஆறும் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தன. அவர் கீழே நின்றார். பன்றி வந்தால் குரைக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“பண்டி வந்தா நான்தான் கத்திறன் மிஸ். சத்தம் போடாதே எண்டு இதுகள் என்னைப் பாக்குதுகள்.”

தண்ணீர் வந்த நாள்

நான்கு நாய் மிச்சமிருக்கும்போதே மழை முந்திக்கொண்டது. காலையில் போனால் பண்ணைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மதியத்துக்குள் இடுப்பைத் தொட்டது. மூன்றை நீந்தவைத்து லொறிக்குக் கொண்டுவந்துவிட்டேன். நாலாவது, ‘கிழவி’. அதுகளின் தலைவி. ஒரு காது கிழிந்தது, பின்னங்கால் ஒன்று நொண்டி, யாரைக் கண்டாலும் உறுமும். கூட்டின் தட்டில் ஏறி நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்று நின்றது. நான் இரண்டு தரம் போய் இரண்டு தரமும் சறுக்கி விழுந்தேன். மூன்றாம் தரம் எழும்பவே முடியவில்லை. அழுதுவிட்டேன், மழையில் யாருக்கும் தெரியவில்லை.

ஹனீபா காக்கா லொறியை நிறுத்திவிட்டு இறங்கினார். சாரத்தை மடித்துக் கட்டினார். தண்ணீருக்குள் நடந்துபோய், கிழவியை இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். அது உறுமவில்லை. அவருடைய தோளில் தாடையை வைத்துக்கொண்டது. முன் ஆசனத்தில் அதை இறக்கியபோது நான், “காக்கா, நீங்க...” என்று தொடங்கினேன். அவர் சட்டையைப் பிழிந்தார்.

“ஏழு தரம் கழுவோணும், அதில ஒரு தரம் மண்ணோட. ரெண்டும் இண்டைக்கு தாராளமாக் கிடக்கு, மிஸ்.”

படிவம்

நான்கையும் என் வீட்டு விறாந்தையில் இறக்கினோம். மூன்றுக்கு ஒரு கிழமையில் ஆள் வந்தது. கிழவிக்கு யாருமில்லை. கடைசியில், தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்ற மகேஸ்வரி அக்கா வந்தா. தனி ஆள், தெருவில் யாரோடும் ஒத்துப்போகாதவ என்று பெயர். ஏமாற்றக் கூடாது என்று படிவத்தில் உள்ளதை எழுதினேன்: முன்கோபம், பிடிவாதம், குறட்டை, விருந்தாளிகளைப் பிடிக்காது. கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, “என்னைப் பத்தி உங்களுக்கு ஆர் சொன்னது?” என்று கேட்டா. இரண்டு கிழமை வைத்துப் பார்ப்பது, சரிவராவிட்டால் நான் திருப்பி எடுப்பது என்று பேச்சு.

மூன்றாம் நாள் தொலைபேசியில், கட்டிலில் ஏறுகிறது என்றா. ஏழாம் நாள், கட்டிலில் தனக்கு இடமில்லை என்றா. பதின்மூன்றாம் நாள் அழைப்பே இல்லை. சரி, திருப்பித் தரத்தான் போகிறா என்று மனதைத் தேற்றிக்கொண்டு பதினாலாம் நாள் போனேன். கேற் பூட்டியிருந்தது. தட்டினேன். உள்ளே கிழவி குரைத்தது; “உஷ்!” என்று யாரோ அடக்கியதும் கேட்டது. அக்கா, நான் நாய் மிஸ் வந்திருக்கிறேன் என்று கூப்பிட்டேன். பிறகு யன்னல் சீலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“நாங்க ரெண்டு பேரும் வீட்டில இல்ல, மிஸ்!”

ஆக, முப்பத்தேழு நாய்க்கும் வாசல் திறந்துவிட்டது. எங்கே திருப்பிக் கேட்டுவிடுவேனோ என்ற பயத்தில் எனக்குத்தான் இப்போது ஒருவரும் திறக்கிறார்களில்லை.