அவர் என்றால் ஒருத்தர்

அந்த நாளிதழ் அலுவலகத்தில் அவருக்கு ‘இர் அம்மா’ என்று பெயர். புரூஃப் பார்க்கும் வேலை. இருபத்தேழு வருடமாக ஒரே மேஜை, ஒரே மஞ்சள் விளக்கு, சிவப்புப் பேனா மட்டும் மாதத்துக்கு நான்கு. மற்றவர்கள் கால் விட்டுப்போனதையும் ஒற்று மிகுந்ததையும் தேடுவார்கள். இவர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ‘ள்’ தேடுவார். ‘கூலித் தொழிலாளி வந்தாள்’ என்றிருந்தால் வெட்டி ‘வந்தார்’ ஆக்குவார்; பட்டப்பெயரும் அந்த ‘ர்’ கொடுத்ததுதான். டாக்டருக்கும் கலெக்டருக்கும் தானாக வந்து ஒட்டிக்கொள்கிற ‘ர்’ பாத்திரம் கழுவுகிறவருக்கு மட்டும் ஏன் வழி தெரியாமல் நிற்கிறது என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான்.

‘அழகிய பெண் ஓட்டுநர்’ என்று ஒரு முறை நிருபர் எழுதிவிட்டார். இர் அம்மா முதல் இரண்டு சொல்லையும் அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினார்: ‘ஓட்டுநர் அழகாக இருந்தால் பஸ் சீக்கிரம் போய்ச் சேருமா?’ அந்தத் தாள் ஒரு வாரம் அறிவிப்புப் பலகையில் தொங்கியது. செய்தி ஆசிரியர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “அம்மா, தெருநாய் கடித்தாரா, கடித்ததா? எதுக்கும் கேட்டுக்கறேன்.”

இந்தப் பிடிவாதம் சும்மா வந்ததில்லை. அவருடைய தாய் ஓர் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலை பார்த்தார். சரக்கு லிஃப்ட் அறுந்து விழுந்ததில் இறந்துபோனார். மறுநாள் பத்திரிகையில் மூன்று வரி. ‘சலவைக்காரி நசுங்கிச் செத்தாள்.’ பக்கத்துக் கட்டத்தில் ஒரு மில் முதலாளி ‘காலமானார்’. இருபது வயதில் அதைப் படித்தபோது அழுகையை மீறி ஆத்திரம்தான் வந்தது என்று அவர் பின்னாளில் சொல்வார். இந்த வேலைக்கு வந்த முதல் நாளே, கையில் பேனா கிடைத்ததும், அவர் வெட்டிய முதல் எழுத்து ‘ள்’.

வீட்டில் கதை வேறு. ஓய்வுபெற்ற வங்கிக் குமாஸ்தாவான கணவர் தொலைபேசியில் “அவ ஆபீஸ் போயிருக்கா” என்பார். இவரோ முப்பது வருடமாக “அவர் தூங்கறார், அவர் குளிக்கறார்” என்றுதான் பதில் சொல்லி வருகிறார். வீட்டுப் பேச்சுக்கு யார் புரூஃப் பார்ப்பது?

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தீ விபத்துச் செய்தி வந்தது. ஒரு தனியார் குழந்தைகள் காப்பகத்தில் மின்கசிவு. நிருபர் எழுதியிருந்தது இதுதான்: ‘காவலாளி தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் கொடுத்தார். அதற்குள் அங்கு துப்புரவு வேலை செய்யும் காவலாளியின் மனைவி ஓடி வந்தாள். அவள் கதவை உடைத்து உள்ளே சென்று நான்கு குழந்தைகளைத் தூக்கி வந்தாள்.’ இர் அம்மா வழக்கம்போல மூன்று ‘ள்’ளையும் ‘ர்’ ஆக்கினார். பக்கத்தில் இடம் இல்லை என்று பக்க வடிவமைப்பாளர் நடு வாக்கியத்தைத் தூக்கினார். மறுநாள் ஊர் படித்தது: ‘காவலாளி தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் கொடுத்தார். அவர் கதவை உடைத்து உள்ளே சென்று நான்கு குழந்தைகளைத் தூக்கி வந்தார்.’ வெட்டிய பக்கமும் இர் அம்மா மேஜைக்குத் திரும்பி வந்துதான் போனது. எழுத்துப்பிழை இல்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

மூன்றாம் நாள் மதியம் வரவேற்பறையில் ஒருவர் காத்திருப்பதாகச் சொன்னார்கள். நாற்பது வயதிருக்கும். வலது கை முழங்கைவரை கட்டு. இடது கையில் நாலாக மடித்த பத்திரிகை.

“இதைத் திருத்தறவங்க நீங்கதானாம்மா?”

“ஆமா. உட்காருங்க. என்ன விஷயம்?”

“குழந்தைங்களைத் தூக்கினது நான்மா. இதுல அவர்னு போட்டிருக்கீங்க.”

“மரியாதையா இருக்கட்டுமேன்னு...” என்று ஆரம்பித்த இர் அம்மா, பத்திரிகையை வாங்கிப் படித்ததும் நிறுத்திக்கொண்டார்.

“மரியாதை சரிம்மா. எங்க வீட்ல அவர்னா ஒருத்தர்தானே? எங்க வீட்டுக்காரர். ஊர்லயும் அப்படித்தான் எடுத்துக்கிட்டாங்க.”

இர் அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் வீட்டிலும் அவர் என்றால் ஒருத்தர்தான்.

“உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?”

“கை குலுக்க வந்தவங்ககிட்ட ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தாராம். யாரும் காதுல வாங்கலையாம். மூணாவது தடவை சொல்லல.” அவர் கட்டுப் போட்ட கையை மடியில் இறக்கி வைத்துக்கொண்டார். “அதுகூடப் பரவாயில்லம்மா. காப்பாத்தினவருக்கு நிரந்தர வேலைன்னு காப்பகத்துல சொல்லியிருக்காங்க. அவருக்கு ஏற்கெனவே நிரந்தரம். நான்தான் ஆறு வருஷமா தினக்கூலி. அவங்களும் பேப்பரைத்தான் நம்பறாங்க. வெள்ளிக்கிழமை முடிவு பண்றாங்க.”

அன்று புதன்கிழமை.

இர் அம்மா திருத்தம் கேட்டபோது செய்தி ஆசிரியர் முதலில் அசைந்து கொடுக்கவில்லை. அந்த நாளிதழ் திருத்தம் போடுவது அபூர்வம். போட்டால் காரணமானவர் பதிவேட்டில் ஒரு குறிப்பு ஏறும்.

“வரியை வெட்டினது வடிவமைப்பு. நீங்க ஏன் தலையைக் கொடுக்கறீங்க?”

“வெட்டின பிறகும் ‘ள்’ இருந்திருந்தா தப்பு எல்லார் கண்ணுலயும் பட்டிருக்கும் சார். என் ‘ர்’ அதை மறைச்சிடுச்சு. வெட்டின பக்கத்தையும் நான்தான் பார்த்தேன். எழுத்தைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கல. என் பேர்லயே எழுதிக்குங்க.”

“சரி, திருத்தம் போடறேன். அதோட உங்க ‘ர்’ ராஜ்ஜியமும் முடிஞ்சுது. ‘அவள்’னே போடுங்க, குழப்பமே வராது.”

இருபத்தேழு வருடத்தில் முதல் தடவையாக அந்த மனிதர் சொல்வதில் பாதி நியாயம் இருந்தது. இர் அம்மாவால் அதைத்தான் பொறுக்க முடியவில்லை. தாயைப் பற்றி வந்த மூன்று வரி வேறு நினைவுக்கு வந்தது.

“ரெண்டும் வேண்டாம் சார்,” என்றார் கடைசியில். “பேரைப் போடுவோம். குறிப்பு ஏறட்டும். இந்த ஒண்ணை மட்டும் விட்டுக் கொடுக்க மாட்டேன்.”

“நிருபர்கிட்ட பேர் இருக்கா?”

இல்லை. காவலாளி மனைவி என்றால் போதும் என்று நிருபர் கேட்காமலே வந்திருந்தார். இர் அம்மா வரவேற்பறைக்கு ஓடினார். நல்லவேளை, அவர் இன்னும் போகவில்லை. பெயரைச் சொன்னார்.

“சின்ன ‘ர’வா, பெரிய ‘ற’வா?”

“எந்த ‘ற’வா இருந்தா என்னம்மா? யார் எழுதறாங்க?”

“நான் எழுதறேன். சொல்லுங்க.”

அவர் காற்றில் இடது கை விரலால் எழுதிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

வியாழக்கிழமை முதல் பக்கத்தின் கீழே திருத்தம் வந்தது. நான்கு வாக்கியம், நான்கிலும் அந்தப் பெயர். ‘அவர்’ இல்லை, ‘அவள்’ இல்லை. நான்காவது வாக்கியம், அந்தப் பெயருக்கு உரியவரின் கணவர் அங்கே காவலாளியாகப் பணிபுரிகிறார் என்று முடிந்தது. அதைப் படித்த செய்தி ஆசிரியர் தலையில் கை வைத்தாலும் அச்சுக்கு அனுப்பிவிட்டார். இர் அம்மாவின் பதிவேட்டில் முதல் குறிப்பு ஏறியது.

அடுத்த வாரம் அந்தப் பெயருக்கு உரியவர் மறுபடி வந்தார். கட்டு சிறிதாகியிருந்தது. நிரந்தர வேலைக்கான உத்தரவைக் காட்டிவிட்டு, பையிலிருந்து அந்தத் திருத்தத்தையும் எடுத்தார். வெட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார்.

“வேலை கிடைச்சது சந்தோஷம்தான்,” என்றார். “ஆனா இதுல என் பேர் நாலு தடவை இருக்கும்மா. என் கல்யாணப் பத்திரிகையிலகூட ஒரு தடவைதான் போட்டாங்க.”