எஸ்தர் அக்கா விளையும் துபாய் லேசரும்

போன ஞாயிற்றுக்கிழமை, எங்கள் புது வீட்டுக்குப் பின்னால், பொட்டு அளவு சிவப்பு வெளிச்சம் ஒன்று என் மானத்தை வாங்கிவிட்டது. அதுவும் யார் முன்னால்? பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா முன்னால்!

பாறசாலைப் பக்கம் எங்கள் பழைய வீட்டை ஒட்டியே புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். உங்களுக்குத் தெரியாததா... மாதம் ஒரு தடவையாவது இந்தப் பக்கத்தில் புலம்பியிருக்கிறேனே. சுவர் எழும்பும் நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடாத மழை. புது அடுக்களைச் சுவருக்குப் பின்னால் கணுக்கால் அளவு தண்ணீர் கட்டி நின்றது. சுவர் ஈரம் ஏறிக் கறுத்துப் போனது.

எனக்கு ரத்தம் கொதித்தது. தண்ணீர் எங்கிருந்து வரும்? வேலிக்கு அந்தப் பக்கம் எஸ்தர் அக்காவின் தோட்டம், எங்கள் ஊர்ப் பேச்சில் விளை. போன வருஷம்தான் அங்கே நாலு லாரி செம்மண் அடித்தார்கள். பிறகென்ன சந்தேகம்? நானும் வீட்டுக்காரரும் எங்கள் வீடு கட்டும் ராஜப்பன் மேஸ்திரியின் டியூபை எடுத்து மட்டம் பார்த்தோம். டியூபில் தண்ணீர் நிரப்பி ஆளுக்கொரு முனையைப் பிடிக்க வேண்டியதுதானே — இதற்கு மேஸ்திரி எதற்கு? அக்கா பக்கம் நாலு இஞ்ச் உயரம் என்று காட்டியது.

வேலியோரம் நின்று கேட்டேன். கேட்டேன் என்று சொல்வது மரியாதைக்கு. கத்தினேன்.

"ஒங்க வெள்ளம் எல்லாம் எங்க சொவருல கேறதுக்கா மண்ணு அடிச்சிய?"

அக்கா கையிலிருந்த வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்றோடு பேச்சு நின்றது. பன்னிரண்டு வருஷப் பழக்கம்! எனக்கு இடுப்பு வலி கண்ட அன்று, ஜீப் பிடித்து நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். எங்கள் ஓணப் பாயசமும் அவர்கள் கிறிஸ்துமஸ் அப்பமும் வேலி தாண்டாத வருஷமே இல்லை. மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்தது. ஆனால் நானாகப் போய்ப் பேசுவேனா? நியாயம் என் பக்கமல்லவா!

இதில் ஒரு சங்கடம். எங்கள் வீட்டில் போன் கிடையாது. துபாயிலிருக்கும் என் தம்பி சுரேஷ், எஸ்தர் அக்கா வீட்டு போனுக்குத்தான் கூப்பிடுவான். சண்டைக்குப் பிறகும் அக்கா அதை நிறுத்தவில்லை. என் பெயரைச் சொல்லாமல், வேலியிலிருக்கும் ஓணானிடம் சொல்வதுபோல, "துபாய்ல இருந்து போன் உண்டு" என்பார். நான் விறைப்பாகப் போவேன். போனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருக்கும். அக்கா அடுக்களையில் இருப்பார்.

அப்படி ஒரு நாள் சுரேஷ், லீவில் வருகிறேன், என்ன வேண்டும் என்றான். மற்ற அக்காமார் செயின் கேட்பார்கள், சென்ட் கேட்பார்கள். நான் கேட்டது, மட்டம் பார்க்கிற லேசர் மெஷின். எல்லாம் அக்காவின் வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டே! அவர் காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.

சுரேஷ் கட்டடக் கம்பெனி ஸ்டோரில் வேலை பார்க்கிறவன். அடுக்கடுக்காகக் கேள்வி போட்டான். சுற்றுகிற ரகம் வேண்டுமா, ஒரே பக்கம் அடிக்கிறது போதுமா? சுற்றுகிறது தானே மட்டம் பிடித்துக்கொள்ளும், ஆனால் பெரிய பெரிய கட்டடத்துக்கு. வீட்டுக்கு என்றால் குமிழி ஓடும் ரசமட்டக் கட்டையின் நுனியில் லேசர் வைத்த சின்ன ரகம் போதும், குமிழியை நாம்தான் நடுவில் நிறுத்த வேண்டும். உள்ளே பார்க்கவா, வெளியிலா? வெயிலில் புள்ளி கண்ணுக்குத் தெரியாதாம். எவ்வளவு தூரத்துக்கு?

"நம்ம அடுக்களையில இருந்து எஸ்தர் அக்கா விளை வரைக்கும்" என்றேன்.

அடுக்களையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

சின்ன ரகம்தான் வந்தது. மூன்று கால் ஸ்டாண்டோடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து மணிக்கே ஆரம்பித்தேன். சுரேஷ் சொன்னது சரிதான்... வெயிலில் புள்ளியைக் காணோம். ஐந்து மணி வரை காத்திருந்தோம். அதற்குள் துபாய் மெஷினைப் பார்க்க அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். எனக்கு உள்ளூர சந்தோஷம். சாட்சிக்கு ஆள் வேண்டாமா?

ராஜப்பன் மேஸ்திரி குமிழியை நடுவில் நிறுத்தினார். பிறகு கட்டையை முனைக்கு முனை மாற்றித் திருப்பி வைத்தார். குமிழி மறுபடி நடுவில் நின்றால்தான் மெஷினை நம்பலாமாம். எத்தனை விலைக்கு வாங்கினாலும் முதலில் இதைப் பார்த்துவிடுங்கள் என்றார். நின்றது.

இனி அளவுக் கம்பை அங்கங்கே நட்டுப் பார்க்க வேண்டும். கம்பில் புள்ளி மேலே விழுந்தால் தரை பள்ளம், கீழே விழுந்தால் மேடு. எங்கள் பக்கம் வீட்டுக்காரர் பிடித்தார். அக்காவின் விளையில் யார் இறங்குவது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மெஷினைப் பார்த்தேன். அதற்குள் எஸ்தர் அக்கா தானே வந்து, வேலி வழியாகக் கை நீட்டிக் கம்பை வாங்கி, தன் விளையில் நேராக நட்டுப் பிடித்துக்கொண்டார்.

மேஸ்திரி அளவைப் படித்தார். என்னைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"டீச்சரே, மேடு நம்ம பக்கமாக்கும்."

என்னது? திரும்பப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். போதாதென்று டியூபையும் போடச் சொன்னேன். அதுவும் அதையே சொன்னது. அக்கா விளை எங்கள் அடுக்களைப் பின்புறத்தைவிட இரண்டு இஞ்ச் தாழ்வு. நடுவில், எங்கள் வேலியோரம்தான் உயரம். அஸ்திவாரம் தோண்டிய மண்ணெல்லாம் அங்கேதான் கிடக்கிறது. புல் மூடிவிட்டதால் வரப்பு மாதிரி இருக்கிறது. எங்கள் பழைய வீட்டுக் கூரைத் தண்ணீர் வடிய வழியில்லாமல் எங்கள் சுவரிலேயே முட்டி நின்றிருக்கிறது. அங்கே மண்ணைக் கொட்டச் சொன்ன மகராசி யார்? நானேதான்.

அப்படியானால் அன்றைக்கு டியூபில் பார்த்தது?

"பாக்கும்ப குழாய் வாயில இருந்து வெரல எடுத்தியளா?" என்றார் மேஸ்திரி.

எடுக்கவில்லை. தண்ணீர் சிந்திவிடுமே என்று இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன்! விரலை எடுத்தால்தான் தண்ணீர் தன் மட்டத்துக்கு வரும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

கூடி நின்றவர்கள் மெல்லக் கலைந்தார்கள். வேலிக்குப் போனேன். அக்கா இன்னும் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அக்கா, தப்பு என்மேலதான்" என்று மட்டும் வந்தது.

"எனக்கு அண்ணைக்கே தெரியும் மக்கா. கண்ணுக்கு நேரே தானே மண்ணு கெடக்கு."

"பின்ன ஏன்க்கா சொல்லல?"

"நீ ஒரு வார்த்த மிண்டாம நடந்தா நான் யாருகிட்ட சொல்ல?"

மறுநாள் காலையில் அந்த மண்மேட்டைக் கீறி நாலடி வாய்க்கால் வெட்டினோம். வேலை முடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

லேசர் வாங்க நினைக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை... நல்ல சாமான்தான், தாராளமாக வாங்குங்கள். அதற்கு முன்னால் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் — அதற்கு பேட்டரிகூட வேண்டாம்.