தார் ரோட்டைத் தொடாத சைக்கிள்

ஆசீர் அண்ணாச்சி போயிட்டாவ.

நேத்து காலைல நெஞ்சு வலி... ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டு. இன்னைக்கு மத்தியானம் அடக்கம். வந்து உக்காந்து இத எழுதுதேன், காலெல்லாம் கரிசல் சேறு, இன்னும் கழுவக்கூட இல்ல.

கோவில்பட்டியில நான் வேலை பாக்குற தீப்பெட்டி ஆபீஸ்ல அண்ணாச்சிதான் லோடு செக்‌ஷன். நான் பில் செக்‌ஷன். வாரம் பூரா லாரிக்காரங்களோட கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போன மனுசன். ஹார்ன் சத்தம் கேட்டாலே மூஞ்சி சுருங்கிரும்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்துல போனை நீட்டுனாவ. ஏதோ வெளிநாட்டு வீடியோ. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவுல சைக்கிளுக்குன்னே ஒரு பாதை. ஒரு கார் கிடையாது. வயசான புருசனும் பொண்டாட்டியும் ஜாலியா மிதிச்சிட்டுப் போறாங்க.

"ஏன் தங்கச்சி, இது நம்மூர்ல இல்லையா?"

"நம்மூர்ல மலை எங்கன அண்ணாச்சி இருக்கு? கழுகுமலைக்கா போகப் போறீய, அங்கன கடல் கிடையாதே"ன்னேன்.

"கடலு இருக்கு. மலையும் இருக்கு. பாதையும் இருக்கு. நீ சைக்கிள் மட்டும் எடு."

நான் கல்யாணத்துக்கு அப்புறம் சைக்கிளே தொட்டதில்ல. பைபாஸ்ல ஒரு லாரி உரசிட்டுப் போனதுல இருந்து எனக்கு ரோடுன்னாலே உதறல். அண்ணாச்சிக்கு அது தெரியும். "லாரி வராத வழியில கூட்டிட்டுப் போறேன், என் பொறுப்பு"ன்னு சொன்னாவ. நானும் எங்க வீட்டுக்காரரும் கிளம்பிட்டோம். அப்புறம் ஆபீஸ்ல இருந்து இன்னும் நாலு பேரு சேந்துக்கிட்டாங்க.

ஞாயித்துக்கெழமை சர்ச் முடிஞ்சதும் கிளம்பிருவோம். கண்மாய்க்கரை, ஓடை, வண்டிப்பாதை... எதுக்க வர்றது ஆடு மட்டும்தான். அதுக்கு நாமதான் ஒதுங்கணும்!

குறுக்க எங்கயாவது தார் ரோடு வந்தா அண்ணாச்சி சட்டுன்னு எறங்கிருவாவ. சைக்கிளைத் தோள்ல தூக்கிக்கிட்டுக் கடந்து, அந்தப் பக்கம் மண்ணுலதான் எறக்குவாவ. "டயரு தார்ல படக்கூடாது." என்ன வைராக்கியம்னு கேட்டா மணிய அடிச்சிட்டு மிதிக்க ஆரம்பிச்சிருவாவ. நாங்களும் தூக்குவோம். பாத்தவன் எல்லாம் கிறுக்கு புடிச்ச கூட்டம்னு நெனச்சிருப்பான்.

ஒரே ஒரு விசயத்துல மட்டும் அண்ணாச்சிய நம்பவே கூடாது... மழை!

முந்தின நாள் கொட்டித் தீத்திருக்கும். "பாதை காஞ்சிருக்கும், வாங்க"ன்னு சொல்லுவாவ. ஒரு தடவை கூட காஞ்சிருந்ததில்ல. கரிசல் மண்ணு டயர்ல அப்பி, மட்காடுக்குள்ள போயி, சக்கரம் சுத்தவே சுத்தாது. குச்சிய வச்சு நோண்டி நோண்டி எடுக்கணும். மிதிச்சதை விட தூக்கிட்டு நடந்ததுதான் ஜாஸ்தி. அண்ணாச்சி மூஞ்சியில ஒரு வருத்தம் இருக்கணுமே... ம்ஹூம். அடுத்த வாரமும் அதே "காஞ்சிருக்கும், வாங்க".

பொங்கல் லீவுல கடலுக்குப் போனோம். எட்டயபுரத்துக்குள்ள நுழையாம, நாகலாபுரம் பஸ் ரோட்டைத் தொடாம, விடியக் கிளம்புனது. வழி நெடுக கொத்தமல்லிச் செடி பூத்துக் கிடந்துச்சு. அந்த வாசம் இருக்கே... வாயில சொல்ல முடியாது.

பொழுது சாயுற நேரம் கடற்கரைப் பக்கம் போயிட்டோம். அண்ணாச்சி சொன்ன மலை என்னன்னு அங்கதான் தெரிஞ்சுது. தேரி! காத்து குமிச்சு வச்ச செம்மண் மேடு, பனமரத்தோட.

"மிதிச்சே ஏறிருவேன் பாரு"ன்னு போனாவ. பாதி கூட ஏறல. சைக்கிளோட சரிஞ்சு, மண்ணுல மல்லாந்து கிடந்து ஒரே சிரிப்பு. தள்ளிக்கிட்டே உச்சிக்குப் போனா... அங்கன மெர்சி மதினி! அண்ணாச்சி வீட்டம்மா. பஸ்ல மத்தியானமே வந்து எறங்கி, கடலைப் பாத்து உக்காந்து கடலை மிட்டாய் தின்னுட்டு இருக்காவ.

அண்ணாச்சிக்கு ரோசம். "ஒன் பஸ்ல மல்லிப்பூ வாசம் வந்துச்சா?"

"டீசல் வாசம்தான் வந்துச்சு. ஆனா எனக்குக் கால் வலிக்கல பாத்துக்கிடுங்க."

என் வாழ்க்கையில அவ்வளவு சிரிச்சது அன்னைக்குத்தான்.

இன்னைக்கு சர்ச்ல ஜெபம் முடிஞ்சுது. கல்லறைத் தோட்டத்துக்கு மெயின் ரோடு வழியா கொண்டு போக வேன் வந்து நின்னுச்சு. மதினி எந்திரிச்சாவ.

"வேண்டாம் பாஸ்டர். காலமெல்லாம் அந்த ஹார்னுக்கு ஒதுங்கிப் போனவிய. கடைசியா அதுக்குள்ளயா கொண்டு போகணும்? பின்னால ஓடைப்பாதை இருக்கு. சர்ச் தள்ளுவண்டியில வச்சு அங்கிட்டுப் போவோம்."

பாஸ்டர் தயங்குனாரு. "ராத்திரி நல்ல மழைம்மா... அந்தப் பாதையில வண்டி போகுமா?"

மதினி சேலையால மூக்கத் தொடச்சாவ.

"காஞ்சிருக்கும், வாங்க."

நாங்க சைக்கிள் கூட்டம் ஒருத்தர ஒருத்தர் பாத்தோம். சாவுல சிரிக்கக் கூடாதுதான். முடியல. சிரிச்சிட்டேன், சிரிச்சுக்கிட்டே அழுதுட்டேன்.

காயல... எங்க காயும்! பத்தடி போகல, சக்கரம் கெட்டியா நின்னுட்டு. எங்க வீட்டுக்காரரு வேலிக்குச்சிய ஒடிச்சு நோண்ட ஆரம்பிச்சாரு. ஆளாளுக்குக் குச்சி எடுத்தோம். பாஸ்டர் வெள்ளை அங்கி முட்டு வரைக்கும் கறுப்பு. தள்ளுறதும் நோண்டுறதுமா, வந்த சனமெல்லாம் சேத்துல.

கல்லறைத் தோட்டத்துக்கு முன்னால ஒரு சின்னத் தார் ரோட்டைக் கடக்கணும். நாங்க ஆறு பேரும் குனிஞ்சு வண்டியப் பெட்டியோட சேத்துத் தூக்கிட்டோம். நல்ல கனம்.

பாஸ்டருக்குப் புரியல. "ஏங்க, ரோடு நல்லாத்தான இருக்கு? இங்கயாவது உருட்டலாமே!"

மதினி சொன்னாவ, "டயரு தார்ல படக்கூடாது பாஸ்டர்."

அந்தப் பக்கம் மண்ணுலதான் எறக்குனோம்.

போயிட்டு வாங்க அண்ணாச்சி. இங்கன மறுபடி தூறுது... ஞாயித்துக்கெழமைக்குள்ள காஞ்சிரும்.