மேற்கு வாசலில் பந்தி

போன வருஷம் அவனியாபுரம் கலைவிழாவில் முனீஸ்வரி பாடிக்கொண்டிருந்தபோதே, விழாச் செயலாளர் சிவனாண்டி மைக்கைப் பிடுங்கினார். "போதும்மா, சனம் சாப்பிடப் போகணும்" என்றார். பாதிப் பாட்டோடு இறங்கியவளுக்கு வருஷம் முழுக்க வயிறு எரிந்தது.

இந்தத் தடவை அவள் பாட வாய்ப்புக் கேட்கவில்லை. அறிவிப்பாளர் வேலையைக் கேட்டு வாங்கினாள். பைக் நிறுத்துமிடம், குடிதண்ணீர், கழிப்பறை, கடைசி பஸ் எல்லாவற்றையும் பகல் முழுக்கத் தேனொழுகச் சொன்னாள்.

சாயங்காலம் சிவனாண்டி சால்வையும் மாலையுமாகப் பேச எழுந்தார். "பெரியோர்களே" என்றதுமே ஒலிபெருக்கியில் அவள் குரல் குறுக்கே பாய்ந்தது:

"மேற்கு வாசல்ல பந்தி ஆரம்பிச்சாச்சு. மட்டன் பிரியாணி. முந்தி வாரவுகளுக்குத்தான்!"

நாற்காலிகள் காலியாயின.

"ஏம்மா, நான் இன்னும் பேசவே இல்லையே!" என்று கத்தினார் சிவனாண்டி.

முனீஸ்வரி மைக்கை அணைக்காமலே சொன்னாள்: "போதும்ண்ணே, சனம் சாப்பிடப் போகணும்."