ஓடாத காரின் கிலோமீட்டர்

விளம்பரத்தில் முதல் வரியாக நான் போடச் சொன்னது கிலோமீட்டரைத்தான். ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. நிறம், வருஷம், கியர் எல்லாம் அதற்குக் கீழே. கார் விற்று வாங்குகிற தரகர் ஒருவர், இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார், பத்தாயிரம்கூட ஓடவில்லை என்று போட்டால் ஆட்கள் பறந்துகொண்டு வருவார்கள் என்று சொல்லியிருந்தார். ஆட்கள் பறந்து வரவேண்டும் என்று எனக்கு ஒரு அவசரமும் இல்லை. அந்த எண்ணின் அருமை தெரிந்த ஒருவரிடம் கார் போகவேண்டும் என்பதுதான் என் விருப்பம்.

நான் எண்களோடு பிழைத்தவன். துறைமுகத்தில் கோதுமை மாக் கப்பலும் சீமெந்துக் கப்பலும் வந்து நிற்கிற பக்கத்தில் லொறிகளைத் தராசில் நிறுத்து அனுப்புகிற வேலை. வெறும் லொறி உள்ளே போகும்போது ஒருதரம், மூட்டையோடு வெளியே வரும்போது ஒருதரம். சாரதிமார் என்ன கதை அளந்தாலும் நான் தராசு காட்டுவதைத்தான் நம்புவேன். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிற இந்தக் காலத்திலும் அந்தக் குணம் போகவில்லை என்று மனைவி சொல்லுவாள். போகத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

கார் மகனுடையது. அவன் கப்பலில் எஞ்சினியர். வருஷத்தில் பெரும்பங்கு கடலில் இருப்பான், லீவு கிடைத்தால்தான் பாலையூற்று வீட்டுக்கு வருவான். ஒரு லீவில் கொழும்புக்குப் போனவன் சிவப்பு நிறத்தில் இதை ஓட்டிக்கொண்டு வந்து நின்றான். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய கார். மூன்று பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு சீற்றோடு ஒரு வாகனம் வாங்குகிறவனை என்ன சொல்வது? அம்மாவை ஒருநாள், அப்பாவை ஒருநாள் கூட்டிக்கொண்டு போவேன் என்றான். நான் ஒருநாள்தான் போனேன். அதிலிருந்து இறங்குவது கிணற்றிலிருந்து ஏறுவது மாதிரி இருந்தது, இடுப்புப் பிடித்துவிட்டது. நீங்கள் ஒருக்கா காரை ஓடிப் பாருங்கோ அப்பா என்று எத்தனையோ தரம் கேட்டான். இந்த விளையாட்டுச் சாமானெல்லாம் எனக்குச் சரிவராது என்று சொல்லிவிட்டேன்.

கடைசியாக வந்த லீவில் ஒருநாள், குச்சவெளியில் கூட்டாளி ஒருவனைப் பார்த்துவிட்டு வந்தவன் தலையிடிக்குது என்றான். காரைப் போர்ட்டிக்கோவில் விட்டான். கார்த் திறப்பை வழக்கமான ஆணியில் கொழுவிவிட்டுப் போய்ப் படுத்தான். அந்தக் கிழமை முடிவதற்குள் போய்விட்டான். டெங்கு என்றார்கள். இருபத்தொன்பது வயது. இதற்குமேல் அதைப்பற்றி எழுத எனக்கு ஏலாது.

செத்தவீட்டுச் சனமெல்லாம் போனபிறகு நான்தான் காருக்குள் தலையை நீட்டி அந்த எண்ணைப் பார்த்தேன். அவன் கொண்டுவந்து விட்ட எண். அதற்கு மேல் அவன் வீட்டில் உடுக்கிற சாரம் ஒன்றை மடித்துப் போட்டு மீட்டரை மூடினேன். அதன்பிறகு பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை, எனக்குப் பாடம். அவன் இந்த மண்ணில் ஓடி முடித்த தூரம் அவ்வளவுதான். அதை ஒரு கிலோமீட்டர்கூட மாற விடக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் எஞ்சினைச் சும்மா போட்டு வைக்கக்கூடாது, கிழமைக்கு ஒருக்கா ஸ்ரார்ட் பண்ணி விடுங்கோ என்று அவன் ஒவ்வொரு முறை கப்பலுக்குப் போகும்போதும் சொல்லிவிட்டுப் போவான். கட்டி வைத்த கப்பலிலும் அப்படித்தானாம். அதனால் வெள்ளிக்கிழமைகளில் குளித்து, விளக்கேற்றி, கோயிலுக்குப் போவதற்கு முதல் அதைச் செய்வேன். உள்ளே இருக்கமாட்டேன். அவன் இருந்த சீற்றில் இருக்க மனம் வரவில்லை. வெளியே நின்றபடியே கையை நீட்டித் திறப்பைத் திருப்புவேன். கொஞ்சநேரம் உறுமவிட்டு நிறுத்துவேன். பின்சில்லுக்கு அண்டைகொடுத்த கல் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பேன். திறப்பை ஆணியில் கொழுவிவிட்டுக் கோயிலுக்குப் போனால், மதியப் பூசை பார்த்து, நாலு பேரோடு கதைத்துவிட்டு வர உச்சி தாண்டிவிடும். இப்படியே ஒன்றரை வருஷம் போனது.

விற்க நினைத்திருக்கவே மாட்டேன். நாங்கள் இருப்பது வாடகை வீடு. வெளிநாட்டில் இருந்த வீட்டுச் சொந்தக்காரர் திரும்பி வருகிறார், வீட்டை விடச் சொல்லிவிட்டார். நாங்கள் பார்த்திருக்கிற வீட்டில் கார் விட இடமில்லை, வெளியே ஒழுங்கையில்தான் நிற்கவேண்டும். இங்கே கடற்காற்று சும்மா இருக்காது. ஒரு மாரி வெளியில் நின்றால் கதவின் அடியெல்லாம் பொரிந்து கொட்டும். மகனின் கார் கண்முன்னே துருப்பிடிப்பதைப் பார்ப்பதைவிட, யாரிடமாவது நல்லபடி போகட்டும் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் ஓம் என்றாள். அவள் அழாததுகூட எனக்கு அன்று கோபமாக இருந்தது.

வந்தவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒருவர் கிலோமீட்டர் குறைவு என்றதும் வாயெல்லாம் பல்லாகி, பிறகு விலையைக் கேட்டு முகம் சுருங்கிப் போனார். இன்னொருவர் குறைய ஓடினதுதான் இதன் குறையே என்று எனக்குப் படிப்பிக்க வந்தார். ஓடாத காரில் றப்பர் காயும், பிறேக் இறுகிப் பிடிக்கும், ரயர் ஒருபக்கம் சப்பையாகும், இதை வாங்கிக் கொட்டுகிற காசுக்கு வேறு வாங்கலாமாம். பிறகேன் வந்தனீர் என்று கேட்டு அனுப்பினேன்.

மூன்றாவதாக வந்தவர் கிண்ணியாவில் அரிசிக் கடை வைத்திருப்பவர். என் மகனுக்கு இருக்கவேண்டிய வயதுதான் இருக்கும், கட்டையான ஆள். விலை பேசுவதற்கு முதல் குந்தியிருந்து சில்லுக்குள் எட்டிப் பார்த்தார். ரயரைத் தடவினார். பிறகு எழும்பி, சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

“ஐயா, இது ஒண்டரை வரிசமா நிண்ட காரா? இந்த உப்புக் காத்துல பிறேக் தட்டு சிவந்து போயிரிக்கணும். இது பளபளண்டு இரிக்கி.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கார் இந்த வாசல் படலையைத் தாண்டவில்லை, நான் வெள்ளிக்கு வெள்ளி ஸ்ரார்ட் பண்ணி விட்டேன், அவ்வளவுதான் என்றேன். அவர் கதவைத் திறந்து மீட்டரில் கிடந்த சாரத்தை எடுத்தார். அதை எடுக்கவேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவர் எண்ணை வாசித்துவிட்டார். பத்தாயிரத்து எழுநூற்றுச் சொச்சம்.

மீட்டரைக் குறைக்கிற ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன், கூட்டின ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று அவர் பகிடியாகச் சொன்னார். எனக்குப் பகிடி ஏறவில்லை. நான் குனிந்து பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரை யாரோ என் மகனுடைய கணக்கில் ஏற்றியிருக்கிறார்கள். யாரடா இதைத் தொட்டது என்று கத்தினேன். பக்கத்து வீட்டு மதிலில் தலை ஒன்று தெரிந்து மறைந்தது.

மனைவி குசினியிலிருந்து தேத்தண்ணியோடு வந்தவள், தட்டத்தைக் கதிரையில் வைத்தாள்.

“நான்தான் ஓடினனான்” என்றாள்.

அவளுக்குக் கார் ஓடத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. மகன்தான் பழக்கினானாம். லீவில் வந்த நாட்களில், நான் வெளியே போன நேரம் பார்த்துக் கண்டி றோட்டில் கப்பல்துறை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கினானாம். லைசன்ஸும் எடுத்து வைத்திருக்கிறாள். ஒருநாள் என்னைப் பக்கத்தில் வைத்து ஓடிக்காட்டித் திடுக்கிடப் பண்ணவேண்டும் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்களாம். அவனுடைய முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்தபிறகு வந்த ஒரு வெள்ளிக்கிழமை, நான் எஞ்சினைச் சூடாக்கிவிட்டுக் கோயிலுக்குப் போனதும், திறப்பை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டிருக்கிறாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும். திரும்பி வந்து சாரத்தையும் கல்லையும் அதே இடத்தில் வைப்பாளாம். ஒழுங்கைச் சனத்துக்கெல்லாம் தெரியும். ஒருவரும் என்னிடம் மூச்சு விடவில்லை.

வந்த ஆள் நிற்கிறார் என்றுகூடப் பார்க்காமல் நான் ஏசினேன். அவன் விட்ட எண் அது, அதை அழிக்க உமக்கு எப்படி மனம் வந்தது என்று கேட்டேன்.

இதற்கிடையில் கிண்ணியாக்காரர் சாரதி சீற்றில் ஏறி இருந்திருந்தார். அவருடைய கால் கிளச்சுக்குக் கிட்டவும் போகவில்லை. எட்டிப் பார்த்து, மனைவியின் உயரத்தையும் பார்த்து, இந்தச் சீற்றில் இருந்து அம்மா ஓடியிருக்க ஏலாதே, இது ஒரு நெட்டையான ஆளுக்குத் தள்ளி வைத்த சீற் அல்லவா என்றார். எனக்கும் அப்போதுதான் அது உறைத்தது.

அவள் உள்ளே போனாள். மகன் போனபிறகு நான் திறக்காத அவனுடைய அறைக்குள் போய்க் கட்டிலில் இருந்த இரண்டு தலையணைகளையும் தூக்கிக்கொண்டு வந்தாள். நடுவில் பள்ளம் விழுந்து போயிருந்தன.

“முதுகுக்கு இதை வைச்சுத்தான் ஓடுறனான்” என்றாள். “சீற்றை முன்னுக்கு இழுக்கேல்ல. அவன் கடைசியா இருந்தபடி கிடக்கட்டும் எண்டு விட்டிட்டன்.”

நான் போர்ட்டிக்கோப் படியில் இருந்துவிட்டேன். நான் எண்ணைப் பொத்திப் பொத்தி வைத்திருந்த அதே காரில் அவள் இதைப் பொத்தி வைத்திருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றைத் தின்றுகொண்டு, ஒருவருக்கொருவர் சொல்லாமல். வாய்விட்டு அழுதேன். அந்தக் கிண்ணியாக்காரப் பிள்ளை காரை விட்டு இறங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது.

கொஞ்சநேரம் சென்று, காரைத் தான் எடுத்துக்கொள்வதாக அவர் சொன்னார். அந்த ஆயிரத்துச் சொச்சம்தான் காரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது, அதற்காக விலையில் ஒன்றும் குறைக்கக் கேட்கமாட்டேன் என்றார். ஒருக்கா ஓடிப் பார்க்கவேண்டும் என்று சொல்லித் திரும்பவும் ஏறி, சீற்றுக்குக் கீழே கையை விட்டு, அதை முன்னுக்கு இழுக்கிற தண்டைத் தேடினார். மனைவி மதில் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொஞ்சம் பொறுங்கோ தம்பி என்று அவரை இறக்கினேன்.

வாழ்க்கையில் முதல்தரமாக அந்தச் சீற்றில் நான் இருந்தேன். இடுப்பு முனகியது. கால்கள் தானாகப் போய்க் கிளச்சிலும் பிறேக்கிலும் அளவாக நின்றன. கை ஸ்ரியறிங்கில் அளவாக இருந்தது. ஒரு அங்குலம் முன்னுக்கோ பின்னுக்கோ தேவைப்படவில்லை. அவனுக்கும் எனக்கும் ஒரே உயரம் என்று எல்லோரும் சொல்வார்கள்தான். அது இப்படி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஓடிப் பாருங்கோ அப்பா என்று அவன் கேட்டபோதெல்லாம் சீற் எனக்கு அளவாகத்தான் இருந்திருக்கிறது.

மனைவியைக் கூப்பிட்டேன். தலையணைகளைப் படியில் வைத்துவிட்டு வந்து பக்கத்தில் ஏறினாள். கிண்ணியாக்காரர் சில்லுக்குக் கொடுத்திருந்த கல்லை எடுத்துவிட்டார். கப்பல்துறை வரைக்கும் போனோம். கார் ஓடி எத்தனையோ வருஷமான நான் கியரை உரசினபோது, கிளச்சை முழுக்க அமத்துங்கோ என்று அவள் மெல்லச் சொன்னாள். அவனுடைய பேச்சு மாதிரியே இருந்தது. அவன் அவளுக்குத் திருப்பப் பழக்கின இடத்தில் திருப்பினோம், வந்தோம்.

வந்ததும் நான் இறங்கினேன். கிண்ணியாக்காரர் ஏறினார், ஆனால் தண்டைத் தொடாமல் அவளைப் பார்த்தார்.

“இழுங்கோ தம்பி” என்றாள். “கால் எட்டாமல் எப்பிடி ஓடுறது.”

கடகடவென்று சீற் முன்னுக்குப் போன சத்தம் கேட்டது. கார் படலையைத் தாண்டிக் கண்டி றோட்டுப் பக்கம் திரும்பும்வரை நின்றோம். அவள் தலையணைகளை எடுத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

“நாங்கள் வந்து நிப்பாட்டேக்க எவ்வளவு காட்டினது?” என்று கேட்டாள்.

நான் மீட்டரைப் பார்க்கவே இல்லை.