அரிசி தெரியணும்

சுகுமாறனை எங்கள் தோட்டத்துக் கோயிலுக்குத் தலைவராக்கியது ஓட்டு இல்லை, கிருமி. கோலா சாவா பக்கம் இந்தச் செம்பனைத் தோட்டத்தில் என்னோடு ஒரே லயத்து வீட்டு வரிசையில் பிறந்தவன்தான். நாற்பத்தைந்து வயதுவரை அவன் செய்த பெரிய காரியம், மோட்டார் இன்சூரன்ஸ் விற்கிறேன் என்று வீடு வீடாகப் போய்த் தேநீர் குடித்தது. கோயில் கூட்டத்தில் செருப்பு கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உட்காருவான். அவன் பேசினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

பெருந்தொற்று ஊரைப் பூட்டியபோது அவனுக்கு மட்டும் கதவு திறந்தது. போலீஸ் ரோட் பிளாக்கைத் தாண்டிப் போக ஒரு கடிதம் வேண்டும். கட்சி ஆள் ஒருவரின் காலைப் பிடித்து அதை வாங்கிவிட்டான். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பானாம். இவன் பட்டப்பகலில் மஞ்சள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, காலியாகக் கிடந்த சாலையில் விசில் ஊதினான்.

பக்கத்து ஊர் ரந்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த மீரா சாஹிப், கடை மூடிக் கிடந்ததால் இருந்த அரிசியையெல்லாம் ஐந்து கிலோ பைகளாகக் கட்டி எங்கள் தோட்டத்துக்குக் கொடுத்தார். "வண்டு திங்கிறத மனுசன் திங்கட்டும்லா. என் பேரு எங்கயும் வேணாம்" என்றார். அந்த அரிசியை ஏற்றி வந்தது நான் ஓட்டும் பள்ளி வேன்தான். வழியில் சுகுமாறன் தன் முகம் அச்சடித்த ஸ்டிக்கர் கட்டை எடுத்து நீட்டினான். நானும் உட்கார்ந்து ஒட்டினேன். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. பிள்ளையை ஏற்றாத வேனுக்குத் தவணை கட்டிக்கொண்டிருந்த எனக்கும் இரண்டு பை கிடைத்தது.

சாப்பாட்டுக்கு வழியில்லாத வீடுகள் வாசலில் வெள்ளைத் துணி கட்டலாம் என்று நாடெங்கும் பேசிக்கொண்ட நேரம் அது. கடைசி வீட்டுப் பஞ்சாலை தன் புருஷனின் வேட்டியைக் கிழித்துக் கட்டினாள். அந்தப் புருஷன் முனியாண்டி கிருமி தொற்றி ஆஸ்பத்திரியில் இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. முகத்தைக்கூட அவளுக்குக் காட்டவில்லை. சுகுமாறன் அரிசிப் பையை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கைப்பேசியைத் தூக்கினான். "கிட்ட வாங்கக்கா. அரிசி தெரியணும்" என்றான். பொட்டில்லாத நெற்றியோடு அவள் கிட்ட வந்தாள்.

அந்தப் படம் கோயில் முகப்பில் பேனராக ஏறியது. ஆறடி உயரத்தில் பஞ்சாலை, அரிசிப் பை, பல் தெரியச் சிரிக்கும் சுகுமாறன். கிருமி போய்விட்டது, பேனர் போகவில்லை. வெயிலில் வெளுத்தால் புதிதாக அடித்து மாட்டுவான். தேர்தல் வந்தால் சந்திக்குச் சந்தி அதே படம். அவள் மகள் ரதி சிரம்பானில் கல்லூரியில் சேர்ந்தபோது, கூடப் படிக்கும் பெண்ணொருத்தி "இது உங்கம்மாதானே?" என்று கேட்டுவிட்டாள். அதன் பிறகு ரதி யாரையும் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. பஞ்சாலை மூன்று தடவை போய்ப் படத்தை எடுக்கச் சொன்னாள்.

"அது நம்ம தோட்டத்து சரித்திரம்கா" என்றான் அவன்.

நோய்த்தொற்றைக் காரணம் காட்டி நிறுத்திய கோயில் பொதுக்கூட்டத்தை, நோய் போயும் நான்கு வருஷம் கூட்டவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் கையால் அரிசி வாங்கித் தின்றுவிட்டால் அவனுக்கு எதிராகக் கை தூக்கமாட்டோம். அது யார் வீட்டு அரிசி என்று பார்க்காத மாடுகள் நாங்கள். சங்கப் பதிவு இலாகாவிலிருந்து கடிதம் வந்த பிறகுதான், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டான்.

ஓட்டெடுப்புக்கு முன்னால் திரையில் படங்களை ஓடவிட்டான். நாற்பத்து மூன்று வீடு, படத்துக்குப் படம் அரிசிப் பை. அதில் நானும் இளித்துக்கொண்டு நின்றேன். "நம்ம ஜனங்க நன்றி மறக்காத ஜனங்க" என்றான். எல்லாத் தலையும் குனிந்தது.

பெண்கள் பக்கமிருந்து பஞ்சாலை எழுந்தாள். கையில் ஐந்து கிலோ அரிசிப் பை. அன்னதானத்துக்கு யாராவது அரிசி கொண்டுவந்தால் தலைவர்தான் வாங்க வேண்டும். அவனும் அதுதான் என்று நினைத்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். ரதி கைப்பேசியைத் தூக்கினாள்.

"கிட்ட வாங்க தலைவரே" என்றாள் பஞ்சாலை. "அரிசி தெரியணும்."

கேமராவைக் கண்டால் அவன் முகம் தானாக விரியும், ஐந்து வருஷப் பழக்கம். பையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சிரித்தான். படம் விழுந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"வாங்குனத குடுத்தாச்சு. இனிமே நான் கை தூக்கலாம்ல?" என்று கேட்டாள். தலைவராகச் சுகுமாறன் தொடர்வதை எதிர்ப்பவர்கள் யார் என்று செயலாளர் கேட்கும்வரை நின்றுகொண்டே இருந்தாள். கேட்டதும் கையைத் தூக்கினாள்.

ஒரே ஒரு கை. அது மீரா சாஹிப் அரிசி, ஸ்டிக்கர் ஒட்டியவன் நான் என்று அப்போது சொல்லியிருக்கலாம். என் கை மடியிலேயே கிடந்தது.

சுகுமாறன் ஜெயித்தான். ஆனால் ரதி எடுத்த படம் அன்று சாயங்காலமே தோட்டத்து வாட்ஸ்அப் புலனக் குழு முழுக்கச் சுற்றியது. மூன்றாம் நாள் பேனரைக் காணோம். காற்றில் கிழிந்துவிட்டது என்றான். அந்த வாரம் காற்றே அடிக்கவில்லை. போன சனிக்கிழமை ரதியோடு கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் என் வேனில் வந்து கடைசி வீட்டில் இறங்கினார்கள்.

கூட்டம் முடிந்த மறுநாள் நானும் இரண்டு பை அரிசி வாங்கினேன். வேனின் பின் இருக்கைக்கு அடியில் இன்னும் கிடக்கிறது. நேற்று பார்த்தேன், வண்டு பிடித்திருக்கிறது.