கச்சான் என்று வாசிக்காத காலை

முத்தையாபுரத்தில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் கைப்பேசி துள்ளியது. வானிலைச் செய்தி. 'மேற்குத் திசைக் காற்று பலமாக வீசக்கூடும். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்.' நான் மீனவர் இல்லை; எனக்கு எதற்கு அனுப்புகிறார்களோ. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "எந்த மேக்கு? மேக்கேருந்து வாரதா, மேக்கே போறதா?" என்று உரக்கவே கேட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் பூக்கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நீ எங்கன இறங்கணும்?" என்றாள். சீக்கிரம் இறங்கினால் தேவலை என்கிற குரல்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஐம்பதைத் தொட்ட ஒருத்தி காற்றின் திசைக்காகப் பஸ்ஸில் சண்டை பிடித்தால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும்.

ஜன்னலுக்கு வெளியே உப்பளம். வெயிலில் காய்ந்த சேற்றின் நாற்றம் ஏறி வந்தது. அந்த நாற்றத்துக்குக் கருவாட்டையும் கார்பன் தாளையும் சேர்த்தால் என் முதல் வேலையின் மணம் வந்துவிடும். கடற்கரையை ஒட்டி ஒரு சின்ன அலுவலகம். எந்தத் துறை என்பது இப்போது வேண்டாம். தற்காலிகத் தட்டச்சர் நான். பேக்ஸில் ஆங்கிலத்தில் வரும் வானிலைக் குறிப்பைத் தமிழாக்கி, காலை பத்து மணிக்கு மைக்கில் வாசிக்க வேண்டும். வாசலில் கம்பத்தின் மேல் ஒலிபெருக்கி. கரைக்காரர்கள் அதைப் 'பெட்டி' என்பார்கள். பெட்டி சொல்லிச்சு, பெட்டி சொல்லலை. பெட்டிக்குள் இருந்தது நான்.

எனக்கோ கடல் தெரியாது. தாமிரபரணிக் கரையில் நெல்லுக்கு நடுவில் பிறந்தவள். தட்டான் தாழப் பறந்தால் மழை, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரேறினால் பெருமழை. அதற்கு மேல் எங்களுக்கு வானத்தோடு பேச்சுவார்த்தை இல்லை. காற்று என்றால் நெல் தூற்ற உதவும், பாவாடையைப் பறக்கவிட்டு மானத்தை வாங்கும். அவ்வளவுதான்.

கரையில் காற்றுக்குப் பேர் இருந்தது, குணம் இருந்தது. கச்சான் மேற்கிலிருந்து வருவது. கரையோரம் மிதக்கிற எதையும் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போகும். கொண்டல் கிழக்கிலிருந்து வருவது. கடலில் நிற்கிறவனைப் பாயோடு தூக்கி வீட்டு வாசலில் விடும். அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை போட்டிருந்த ரோசாரி அக்காதான் இதைச் சொன்னாள். "ஏளா, பெட்டியில பேசுதவளுக்கே காத்து தெரியல, வெளங்குமா?" என்று டீயை ஆற்றிக்கொண்டே சிரிப்பாள். அவள் புருஷன் சூசை அண்ணன். சின்ன வள்ளம், தனியாள் தொழில். மோட்டார் வைத்த பிறகும் பாயைக் கழற்றாத மனிதர்.

டீக்கடைப் பெஞ்சில் கேட்டதெல்லாம் இன்னும் காதில் கிடக்கிறது. மணல் பறந்து கணுக்காலில் அடித்தால் போகலாம். முழங்காலில் அடித்தால் யோசி. கன்னத்தில் அடித்தால் உட்கார்ந்து வலையைத் தை. காற்றே இல்லாமல் அலை மட்டும் நீளநீளமாக வந்தால் தூரத்தில் எங்கோ புயல். சங்கு குளிக்கிறவர்களுக்கு அடிமணல் கண்ணுக்குத் தெரிந்தால் இரண்டு நாளைக்குப் பயமில்லை. எல்லாவற்றுக்கும் மேல், மேற்கே உள்நாட்டில் இருக்கும் கயத்தாறு. அங்கே காற்றாலைகள் சுழன்றால் கச்சான் கிளம்பிவிட்டது, மத்தியானத்துக்குள் நம் சட்டையைப் பிடிக்கும். அதனால் கயத்தாற்றிலிருந்து காய்கறி ஏற்றிவரும் வேன் டிரைவருக்கு அந்தக் கடையில் தனி மரியாதை. டீயைக் கையில் கொடுக்கும் முன்பே, "காத்தாடி எப்படி அண்ணாச்சி?" என்பார்கள்.

ஆனால் காற்று மாறுகிற புரட்டாசிக் கடைசியில் எந்தக் கணக்கும் நிற்காது. மூன்று நாள் கச்சான், ரெண்டு நாள் கொண்டல், நடுவே செத்த பல்லிபோல அசையாத ஒரு பகல். கண்ணும் கணுக்காலும் கைவிடும் அந்த நாட்களில்தான் பெட்டிக்குக் காது கொடுப்பார்கள்.

அப்படி ஒரு காலை. குறிப்பில் 'வெஸ்டர்லி' என்று இருந்தது. 'பிற்பகலில் கச்சான் பலமாக அடிக்கும்' என்று தட்டச்சு செய்து மேலதிகாரியிடம் நீட்டினேன். வெளியூர்க்காரர். சிவப்புப் பேனா திறந்தது.

"கச்சானா? சிலோன்ல அதுக்கு வேர்க்கடலைன்னு அர்த்தம். கடலை பலமா அடிக்கும்னு மைக்ல சொல்லப் போறியாம்மா?"

"இங்கன அப்படித்தான் சார் சொல்லுதாவ."

"இங்க சொல்றதெல்லாம் ஃபைல்ல ஏறாது. அகராதியப் பாரு."

அகராதி, 'மேற்கு நோக்கிய' என்றது. மேற்கிலிருந்து வருவதை மேற்கு நோக்கிப் போக வைத்துவிட்டது அந்தத் தடித்த புத்தகம். அவர் கச்சானைச் சிவப்பில் கோடு போட்டு அடித்தார்; நான், 'காற்று மேற்கு நோக்கிப் பலமாக வீசும்' என்று வாசித்தேன். வாசிக்கும்போதே நாக்கு ஒரு கணம் தயங்கியது. வேலை நிரந்தரமாக இரண்டு மாதம் பாக்கி. நாக்கை மடக்கிக்கொண்டேன்.

என் ஜன்னல் திறந்துதான் இருந்தது. எதிரே வேன் டிரைவர் கையை ஆட்டிக் கத்தினார். "ஏலே சூசை, காத்தாடி பேயாட்டம் சுத்துதுல. இன்னைக்கு வள்ளத்த இறக்காத."

"பெட்டி மேக்கே போவுதுன்னு சொல்லுதே அண்ணாச்சி. அப்போ கொண்டல்லா? திரும்பி வாரதுக்குப் பாயே போதும், மண்ணெண்ணெய்கூட வேண்டாம்."

"ஒன் பெட்டிக்குக் கண்ணு இருக்கால?"

ரோசாரி அக்கா என் ஜன்னலைப் பார்த்துச் சிரித்தாள். "பெட்டிக்குள்ள நம்ம பிள்ளைல்லா இருக்கு."

மைக் மேசைமேல் இருந்தது. ஒரு ஸ்விட்ச், ஒரு சொல், நாலு எழுத்து போதும். கச்சான். நான் டீயைக் குடித்தேன். டீ நன்றாகவும் இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

இரண்டு மணிக்கு மணல் கன்னத்தில் அடித்தது. தேடப் போனவர்கள் மூன்று நாள் தேடினார்கள். வள்ளமும் இல்லை, பாயின் ஒரு கிழிசலும் இல்லை. அறிக்கையை நான்தான் தட்டச்சு செய்தேன். 'மேற்படி நபர் வானிலை எச்சரிக்கையை மீறிக் கடலுக்குச் சென்றவர்.' மீறி! காது கொடுத்துக் கேட்டு, நம்பி, அதற்குத் தக்கபடி பாய் கட்டிப் போன மனிதர் மீறியவர். அடித்த பேனா மீறவில்லை. அகராதி மீறவில்லை. நான் மீறவே இல்லை. அதுதான் என் பிழைப்பு.

ரோசாரி அக்கா கறுப்புச் சேலையில் வந்தாள். "ஏளா, அவரு மீறிப் போவல. கேட்டுட்டுல்லா போனாரு. ஒனக்குத் தெரியும். அந்த ஒரு வரிய மட்டும் கோடு போட்டு அடிச்சிரு."

"சார்ட்ட கேக்கணும்க்கா" என்றேன். இதைவிடக் கேவலமான மூன்று சொற்களை நான் வாழ்க்கையில் பேசியதில்லை. கச்சானைச் சிவப்பில் அடித்த என் தாள் அதே கோப்பில், அந்த அறிக்கைக்குப் பின்பக்கம் இருந்தது. புரட்டிக் காட்ட ஒரு விரல் போதும். விரல் மடங்கியே இருந்தது. இரண்டு மாதத்தில் நிரந்தரமானேன். அதற்கு மிட்டாய் வேறு கொடுத்தேன்.

போன மாதம்தான் விரல் நிமிர்ந்தது. நடந்ததையெல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டு, அந்த வரியை நீக்குமாறு மனுக் கொடுத்தேன். புது அலுவலகம், குளிர்ந்த அறை. இளம் அதிகாரி நாற்காலி தந்தார், தண்ணீர் தந்தார். "அந்தக் காலத்து ஃபைலெல்லாம் கழிச்சுக் கட்டியாச்சு மேடம். இல்லாத ஃபைல்ல எதைத் திருத்துறது?" என்றார், அவ்வளவு மரியாதையாக. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கம்பம் போயிற்று. பெட்டி போயிற்று. அந்த அலுவலகம் இருந்த இடத்தில் இப்போது லாரி நிற்கிறது. பொய் எழுதிய தாளும் அதைப் பொய் என்று காட்டும் தாளும் ஒரே மூட்டையில், ஒரே எடைக்குப் போயிருக்கின்றன.

பஸ்ஸை விட்டு இறங்கி, ரோசாரி அக்காவின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கதவைப் பிடித்தபடி நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

"அந்த வரிய அடிப்பாவன்னுதான் இத்தனை வருசம் இருந்தேன். இப்போ அடிக்க வரியும் இல்லியா?"

கதவைச் சாத்தவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை.